கேட்காமல் விட்ட குலம்

ஆர்லிண்டா கோல்ட்டூத் மனநல ஆலோசகர் ஆவதற்கு முன்னால் பதினோரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். டில்கானைச் சுற்றியுள்ள மண்பாதைகளில், ஒன்றுக்கொன்று மைல் கணக்கில் தள்ளித் தள்ளி நிற்கும் வீடுகளின் முன்னால் நிறுத்தி நிறுத்தி, நாற்பத்து மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவாள். எந்தப் பிள்ளை எந்தக் காலையில் பேச்சை நிறுத்தியது என்பது தலைக்கு மேலிருந்த கண்ணாடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்போது கேட்கமாட்டாள். இறங்கும்போது, "நாளைக்கும் இதே சீட்டு ஒனக்குத்தான்" என்று மட்டும் சொல்லுவாள்.

பத்தொன்பது வயதில் அவளும் ஒரு கல்லூரிக்குப் போனவள்தான். மூன்றாவது மாதத்தில் அப்பா இறந்தார். ஊருக்குப் போய்த் திரும்பியவளைக் கல்லூரி ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாள் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அருகில் நகர்த்தி வைத்துவிட்டு, அப்பாவின் பெயரைச் சொல்லச் சொன்னாள். எப்படி இறந்தார், கடைசியாகப் பார்த்தபோது எப்படி இருந்தார் என்று விவரமாகச் சொல்லச் சொன்னாள். போனவரின் பெயரை வாய்விட்டுச் சொல்வது ஆர்லிண்டாவின் தினே பழங்குடி வீடுகளில் யாரும் செய்யாத காரியம். ஆர்லிண்டா எழுந்து வெளியே வந்தாள், பஸ் ஏறினாள், இருபது வருடம் எந்தக் கல்லூரிப் பக்கமும் போகவில்லை. அந்த அம்மாள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. நல்ல மனுஷிதான், படித்த படிப்பு கேட்கச் சொன்னதைக் கேட்டாள்.

பிறகு மாலை வகுப்பு, கோடை வகுப்பு என்று படித்து நாற்பத்து மூன்றாம் வயதில் பட்டம் வாங்கினாள். இப்போது ஐம்பத்து நான்கு. தினே நிலத்தின் தெற்கு எல்லையைத் தாண்டியதும் வரும் சிறிய ஊர் ஒன்றில், நானூறு தினே பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில் வேலை. அவளுடைய அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று நடைபாதைக்கு, மற்றது வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு. உள்ளே அழுதுவிட்டு வரும் பிள்ளை நடைபாதையில் தன் சொந்தக்காரர்கள் ஏழு பேரைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது என்று மூன்று வருடம் மனுப் போட்டு, சுவரை உடைத்து வைக்கச் செய்த கதவு அது.

அவள் வேலை செய்யும் முறை எளிமையானது. வந்து உட்கார்ந்தவரிடம் என்ன கஷ்டம் என்று கேட்கமாட்டாள். தன்னைப் பற்றித் தான் முதலில் சொல்லுவாள். "நான் உப்புக் குலம். கசப்புநீருக்குப் பிறந்தவ." அம்மாவின் குலம் முதலில், அப்பாவின் குலம் அடுத்து, பிறகு இரண்டு தாத்தாக்களின் குலங்கள். சொல்லி முடித்துக் காத்திருப்பாள். வந்தவரும் நாலு குலத்தையும் சொல்லுவார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒருவருக்கு அவள் பெரியம்மா, இன்னொருவருக்குப் பேத்தி, மற்றொருவருக்குத் தங்கை. முறை தெரிந்த பிறகு மிச்சப் பேச்சு தானாக வரும். உறவு என்று ஆகிவிட்ட ஒருத்தியிடம் "பரவாயில்லை" என்று பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

ஆகஸ்டில் புதிய மேலாளராக பௌலா வந்தாள். மின்னசோட்டாக்காரி, வாரா வாரம் வாழைப்பழ ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுப்பாள். அவள் கையோடு ஒரு விதியும் வந்தது. ஆலோசகர்கள் தம் உறவினர்களுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. வேறெங்கோ ஓர் ஆலோசகர் தன் அக்கா மகன் சொன்னதை அக்காவிடமே சொல்லி, அந்தப் பையன் வீட்டைவிட்டுப் போன பிறகு வந்த விதி.

"உங்களுக்கு உறவா யாராவது வந்தா கவலையே இல்ல, ஆர்லிண்டா. வேற ஊர்ல இருக்கிற ஆலோசகர்கிட்ட திரையில பேச வெச்சிடலாம். நீங்க இதுல கையெழுத்துப் போட்டா போதும்" என்றாள் பௌலா.

ஆர்லிண்டா காகிதத்தைப் பார்த்தபடியே மனத்துக்குள் கணக்குப் போட்டாள். தன் குலம், அப்பா குலம், தாத்தாக்களின் குலங்கள், அவற்றுக்குப் பிறந்தவர்கள். நானூறில் உறவில்லாதவர் என்று முப்பது பேர் தேறினால் அதிகம். இதை வாய்விட்டுச் சொன்னால் அறையையே பூட்டிவிடுவார்கள் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டாள்.

போட்ட பிறகு அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாள். குலம் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காவிட்டால் தெரியாது, தெரியாவிட்டால் உறவில்லை, உறவில்லாவிட்டால் கையெழுத்து பொய்யில்லை. பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும், அவள் ஆரம்பிப்பாள் என்று ஒரு கணம் காத்திருப்பார்கள். அவள் கேள்வித் தாளை எடுப்பாள். அவர்கள் முகத்தில் ஏதோ மூடிக்கொள்ளும். பௌலாவுக்குச் சந்தோஷம், எல்லாக் கட்டங்களும் நிரம்பி வந்தன. ஆனால் இரண்டாம் முறை வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

ரைலன் பிட்சூயி ஜனவரியில் வந்தான். பத்தொன்பது வயது, பின்யோன் பக்கம், நில அளவைப் படிப்பு. தூங்குவதில்லை, டப்பாவில் இருக்கும் சாப்பாட்டைச் சுடவைக்காமல் அப்படியே தின்கிறான், கை நடுங்குகிறது என்று விடுதியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வெளியே பனி. அவனோ ஹீட்டரிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு விலகி, கதவோரத்து நாற்காலியில், கழற்றாத மேல்கோட்டோடு உட்கார்ந்தான். மூன்று முறை வந்தான். மூன்று முறையும் "பரவாயில்ல" என்றான். "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதத் தொடங்கிய ஆர்லிண்டா அதை அடித்துவிட்டு "பேசவில்லை" என்று எழுதினாள். திருத்தியதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, எரியாமல் போன குழல் விளக்கை மாற்ற நார்பர்ட் வந்தான். கல்லூரியின் பராமரிப்பு ஆள். ஆர்லிண்டாவுக்குத் தாய்மாமன் மகன். கட்டிக்கொள்கிற முறை இல்லை, கேலி பண்ணிக்கொள்கிற முறை மட்டும்தான். நாற்பது வருடமாக ஒருநாள் விடாமல் அதைச் செய்துகொண்டிருந்தான்.

"ஏணி ஆடுது, புடிச்சுக்க. நான் விழுந்து செத்தா ஒங்கூட இந்த ஊர்ல வேற ஆம்பள யாரு பேசுவா?"

"நீ விழுந்தா தரைக்குத்தான்டா சேதம்."

"அந்த நோஞ்சான் பையன் ஒங்கிட்டதானே வர்றான்?" உதட்டைக் குவித்து விடுதிப் பக்கம் காட்டினான். "போன வாரம் பசங்க பீப்பாய்ல தீ மூட்டிக் குளிர் காஞ்சாங்க. இவன் அதப் பாத்ததும் ஓடினான் பாரு, பாம்பக் கண்ட மாதிரி. என்ன குலம் அவன்?"

"கேக்கல."

நார்பர்ட் கீழே பார்த்தான். "கேக்கலன்னா?"

"இப்பல்லாம் யாரையும் கேக்கறதில்ல. கேட்டா சொந்தமாயிருவாங்க. சொந்தமானா அனுப்பிரணும்."

அவன் பழைய குழலை அவள் கையில் கொடுத்துவிட்டு மெல்ல இறங்கினான். ஏதாவது கேலி செய்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

"ஒங்கப்பாவப் பெத்தவங்க குலம், ஒங்கம்மா குலம், எல்லாத்தையும் சுவத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திட்டியா? சொந்தபந்தம் இல்லாதவ மாதிரி."

தினேக்களிடையே அதைவிடக் கெட்ட வசவு கிடையாது. கேலி முறை உள்ளவன்கூட அதைக் கேலியாகச் சொல்லமாட்டான். நார்பர்ட் ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனான்.

மறுநாள் ரைலன் நேரம் குறிக்காமல் வந்து நின்றான். கையில் விலகல் படிவம். கல்லூரியை விட்டுப் போகிறவர் ஆலோசகரின் கையெழுத்து வாங்கித் திங்கட்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும்.

"நார்த் டகோட்டாவுல எண்ணெய்க் கிணத்து வேல. திங்கக்கெழம கெளம்பறேன்" என்றான் தரையைப் பார்த்து.

"அங்க நம்ம ஆளுங்க யாரு இருக்கா?"

"யாருமே இல்ல. அதுக்குத்தான்."

ஆர்லிண்டா பேனாவை எடுத்தாள். படிவத்தில் தன் பெயர் அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே கோடு காத்துக்கொண்டிருந்தது. யாருமே இல்லாத ஊருக்கு இந்தப் பையனைத் தன் கையெழுத்துதான் அனுப்பப்போகிறது என்பது அவளுக்கு விளங்கியது. பேனாவை மூடி வைத்தாள். ஆறு மாதமாகச் சொல்லாததைச் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் உப்புக் குலம்" என்றாள். "கசப்புநீருக்குப் பிறந்தவ." தாத்தாக்களையும் சொன்னாள். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள்.

வண்டி ஒன்று வெளியே பனியில் சக்கரம் சுழற்றிவிட்டுக் கிளம்பிப் போனது.

"கசப்புநீர்" என்றான் கடைசியில். "ஓங்கிய வீட்டுக்குப் பிறந்தவன்."

"எங்கப்பா குலம்." ஆர்லிண்டாவின் குரல் தானாக இறங்கியது. "அப்படின்னா நீங்க எனக்குச் சித்தப்பா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நரைத்த தலையும் மூட்டுவலிக்குக் கட்டிய பட்டையுமாக எதிரே உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்ததும் வாயோரம் லேசாக இழுபட்டது.

"எவ்வளவு வயசு ஒங்களுக்கு?"

"அம்பத்தி நாலு, சித்தப்பா. ஒழுங்கா வளத்திருந்தா இன்னும் நல்லா வந்திருப்பேன்."

மூன்று வாரத்தில் முதல் முறையாக அவன் சிரித்தான். மூக்கிலிருந்து காற்று வந்த அளவுதான். பிறகு முகம் கடுத்தது. மகளைக் கேட்கும் உரிமை வந்துவிட்ட பிறகு கேட்டான்.

"மொதல்நாளே ஏன் கேக்கல? மூணு தடவ வந்தேன். ஒவ்வொரு தடவையும் இன்னைக்குக் கேப்பீங்கன்னு உக்காந்திருந்தேன். எங்க வீட்டப் பத்தி எதோ கெட்டது தெரிஞ்சுதான் கேக்கலன்னு நெனச்சேன்."

உண்மையைச் சொன்னாள். "கேட்டா தெரிஞ்சிரும்னு பயந்துதான் கேக்கல. தப்பு என்மேலதான், சித்தப்பா."

ரைலனின் கைகள் மேல்கோட்டுப் பைக்குள் போயின.

"நானும் அதுக்குத்தான் கேக்கல" என்றான்.

அதன் பிறகு துண்டுதுண்டாக வந்தது. கைலின் என்று ஒரு பெண். ஃபீனிக்ஸில் வளர்ந்தவள், அளவைக் கருவியின் முக்காலியை வகுப்பில் இவனோடு சேர்ந்து தூக்கிப் போகிறவள். பட்டணத்துப் பெண்ணுக்குக் குலம் கேட்கத் தோன்றவில்லை. இவனுக்குத் தோன்றியது, முதல் வாரமே தோன்றியது. கேட்டு, கூடாத பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நாளைத் தள்ளினான். அப்படியே மூன்று மாதம் சேர்ந்து பழகினார்கள். டிசம்பரில் விடுமுறைக்கு அவளைக் கூட்டிப்போக அவளுடைய அம்மா வந்தாள். இவனைப் பார்த்துக் கை நீட்டி, மரியாதையாகத் தன் குலத்தைச் சொன்னாள். கசப்புநீர்.

"அண்ணன் தங்கச்சி" என்றான் ரைலன். "நானும் கசப்புநீர்னேன். எங்க ரெண்டு பேருக்கும் அந்த இடத்துலேயே தெரிஞ்சுபோச்சு. அவங்கம்மாவும் எங்க மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுகிட்டாங்க."

அப்படி ஒரே குலத்துக்குள் சேர்ந்தவர்களுக்கு என்ன வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். விட்டில் நோய். புத்தி பிசகிப் போய், விட்டில் விளக்கைத் தேடுவது போல நெருப்பைத் தேடிப் போவார்கள். ஆர்லிண்டா ஹீட்டரைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். தன் படிப்பு இந்த இடத்தில் ஒரு கேள்வியை நேராகக் கேட்கச் சொல்லும். நேராகச் சொன்ன சொல் நடந்துவிடும் என்று அஞ்சுகிறவனிடம் அதை எப்படிக் கேட்பது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இப்படிப் பயந்துபோன ஒருத்தன் இருக்கான்னு வைங்க, சித்தப்பா. அவனுக்குத் தீயப் பாத்தா கிட்டப் போகத் தோணுமா, இல்ல தூரப் போகத் தோணுமா?"

"தூரத்தான்" என்றான் உடனே. "அவனுக்குப் போறதுக்கு ஆசையில்ல. இழுத்துருமோன்னு பயம். அதான் தூங்கறதில்ல."

"தூங்கினா?"

"தூங்கினா காவல் இருக்க ஆள் இல்லையே."

ஆர்லிண்டா மூச்சை விட்டாள். "நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள். இந்த நோய்க்குச் சடங்கு செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது இருவருக்குமே தெரியும். அதற்கு முன் வீட்டில் சொல்ல வேண்டும். அந்தக் கதவுதான் பூட்டிக் கிடந்தது.

"அம்மாட்ட சொல்லணும். வாயத் தொறந்தா வார்த்த வராது எனக்கு."

"நான் கூட வரேன். மக வரக் கூடாதுன்னு யாரும் சொல்லமாட்டாங்க."

"விதி?"

"அதை நான் பாத்துக்கறேன்" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாது. படிவம் மேசையிலேயே கையெழுத்தில்லாமல் கிடந்தது.

அன்று மாலை பௌலாவின் அறைக்குப் போனாள். "எங்கிட்ட வர்ற ஒரு பையன் எனக்குச் சித்தப்பா முறை."

பௌலா கோப்பைப் புரட்டினாள். "பத்தொம்பது வயசுன்னு போட்டிருக்கே?"

"ஆமா."

"இப்படி எத்தனை பேர் இருப்பாங்க, ஆர்லிண்டா?"

"சரியா கேட்டா, முப்பது பேரத் தவிர எல்லாரும். ஆகஸ்டுலேயே சொல்லியிருக்கணும். சொல்லாம கையெழுத்துப் போட்டேன். கேக்கறத நிறுத்தினேன். அதுல ஒருத்தன கிட்டத்தட்ட இழந்துட்டேன்."

பௌலா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவளுக்குக் கோபமா குழப்பமா என்று சொல்ல முடியவில்லை. "நான் மேல என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியல" என்றாள். "உங்க வேலைக்கு என்ன ஆகும்னும் இப்பச் சொல்ல முடியாது. ஆனா சனிக்கிழமை உங்க விடுமுறை. விடுமுறையில நீங்க எங்க போறீங்கன்னு நான் கேக்க வேண்டியதில்ல."

வெள்ளி இரவு ரைலனை நார்பர்ட் தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டான். காரணம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவனை ஆர்லிண்டாவின் காரில் ஏற்றிவிடும்போது, "ராத்திரி பூரா குறட்ட விட்டு என்னத் தூங்கவிடல, ஒன் சித்தப்பன்" என்று மட்டும் சொன்னான்.

பின்யோனுக்கு இரண்டரை மணி நேரம். பாதி வழிக்கு மேல் தார் இல்லை. உறைந்த சேற்றில் கார் குலுங்கிக் குலுங்கிப் போனது. வீட்டை நெருங்கியதும் ரைலன் இறங்கி, பட்டிப் பக்கம் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டான். உள்ளே வரவில்லை.

அவன் அம்மா ஜெனிவா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், வயது நாற்பத்து மூன்று. ஆட்டுக்கறிக் குழம்புக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஆர்லிண்டா கை கொடுத்து நாலு குலத்தையும் சொன்னாள். ஜெனிவா கணக்குப் போட்டாள்.

"அப்ப நான் ஒனக்கு அத்தை. இம்புட்டுப் பெரிய மருமகளா எனக்கு? உக்காரு. காபி ஊத்திக்க, நீ ஒண்ணும் விருந்தாளி இல்ல."

ஆர்லிண்டா காபியை ஊற்றிக்கொண்டாள். பிறகு, பேருந்தில் பிள்ளைகளை இறக்கிவிடும் நிதானத்தோடு, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் சொன்னாள். பெண்ணின் அம்மா கை நீட்டியது, தூக்கம் போனது, எண்ணெய்க் கிணறு, தான் குலம் கேட்காமல் மூன்று வாரத்தை வீணடித்தது. ஜெனிவாவின் கத்தி கிழங்கைச் சுற்றிச் சுற்றி வந்தது. தோல் ஒரே சுருளாக நீண்டு கிண்ணத்தில் விழுந்தது. அவள் அடுத்த கிழங்கை எடுக்கவில்லை. ஜன்னல் வழியே பட்டியில் நின்ற மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாளோ என்னவோ, ஆர்லிண்டா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எங்கண்ணன் பக்கத்துலதான் இருக்கான். வரச் சொல்றேன்" என்றாள் ஜெனிவா. "யாரக் கூப்பிடணும், எப்பச் செய்யணும்னு அவனுக்குத் தெரியும். தாய்மாமன் கூட இருந்தா இவனும் தூங்குவான்." பிறகு கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பொண்ணு?"

"கைலின்னு பேரு."

"பேரு கேக்கல. யாரு இருக்கா அவகூட?"

கைலின் ஒருமுறைகூட ஆர்லிண்டாவின் அறைக்கு வந்ததில்லை. நேற்றுக் கேட்டதிலிருந்து ரைலனைப் பற்றியே யோசித்தவள், அதே விடுதியில் இன்னொரு மாடியில் ஒரு பெண் எப்படித் தூங்குகிறாள் என்று ஒருமுறையும் யோசிக்கவில்லை. வரும் வழியில் இரண்டரை மணி நேரமும்கூட யோசிக்கவில்லை.

"தெரியல, அத்தை. அவங்கம்மா ஃபீனிக்ஸ்ல. இவ விடுதியில தனியாத்தான் இருப்பா."

"கசப்புநீர்தானே அவ?"

"ஆமா."

"அப்ப எனக்கும் மகதானே." ஜெனிவா இதைச் சொன்ன விதத்தில் எந்தப் பெருமையும் இல்லை, எண்ணிக்கையில் விட்டுப்போன ஒரு ஆட்டைச் சொல்வது போலச் சொன்னாள். "அந்த உறவாலதான் இது தப்பாச்சு. அதே உறவுலதான் அவ என் மக. ஒரு பிள்ளையக் கூட்டிட்டு வந்துட்டு இன்னொண்ண விட்டுட்டு வந்திருக்க."

அவள் எழுந்து மேல்கோட்டை மாட்டினாள். காலையில் சுட்ட ரொட்டிகளில் ஆறை எடுத்துத் துணியில் சுற்றினாள். வாசலில் நின்று மகனைக் கூப்பிட்டு, மாமா வரும்வரைக்கும் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னாள். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. அவள் அவன் அருகில் போய்ச் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"எங்கம்மா போற?"

"ஒன் தங்கச்சியப் பாக்க."

அவன் பார்வை அம்மாவின் கையிலிருந்த மூட்டைக்குப் போனது. "அவளுக்கு மெளகாய் ஆகாது" என்றான்.

"சரி."

காரில் ஏறிய பிறகு ஆர்லிண்டா சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள். "அத்தை, அவ நம்மளப் பாக்கவே மாட்டேன்னு சொன்னா?"

"சொல்லட்டும். அது அவ இஷ்டம்." ஜெனிவா ரொட்டி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கைப் பட்டையை மாட்டினாள். "வண்டிய எடு, மருமகளே. பள்ளத்துல மெதுவாப் போ."